பிரசங்க பீடமும் கத்தரிக்கோலும்

போதகர் வேதத்துக்கு உண்மையாய் இருக்க வேண்டும் என்று சொன்னால் மறுத்துப் பேசுகிற கிறிஸ்தவர் யாரும் இல்லை. குருப்பட்டம் கொடுக்கும்போது பிஷப் அதைக் கேட்கிறார். பட்டம் வாங்குகிறவர் வாக்குக் கொடுக்கிறார். ஊர்த்தெருக்காரரும் ஆமென் சொல்கிறார், சேரிக்காரரும் ஆமென் சொல்கிறார். இப்படி ரெண்டு பக்கமும் தலையாட்டுகிற எந்தச் சொல்லையும் லேசில் நம்ப எனக்கு முடிவதில்லை. ஆண்டைக்கும் பிடித்திருக்கிறது, பண்ணையாளுக்கும் பிடித்திருக்கிறது என்றால், ஒரே சொல்லுக்குள் ரெண்டு பேரும் வேறு வேறு அர்த்தத்தை வைத்திருக்கிறார்கள் என்றுதான் ஆகிறது. ஆகவே இந்த 'உண்மை'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. யாருக்கு உண்மை? எதுவரைக்கும் உண்மை? அதற்கான விலையை யார் கொடுப்பது?

நான் இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. மூணு ஊருக்கு நடந்தே போய் ஜெபம் நடத்திய ஒரு உபதேசியாரின் பேரன். எங்கள் வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு, பைபிள் இல்லாத நாள் கிடையாது. போதகர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எதிர்பார்ப்பு அதைவிட அதிகம். எதிர்பார்ப்பே இல்லாத ஆள்மேல் யாராவது கோபப்படுவார்களா? அவர்களில் சிலராவது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்கிற ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

1807ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டங்களில் உழைத்த கறுப்பு அடிமைகளுக்கென்று தேர்ந்தெடுத்த பகுதிகள் மட்டும் அடங்கிய பைபிள். பழைய ஏற்பாட்டில் சுமார் 90 சதவீதம் அதில் இல்லை. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறையப் பாதி இல்லை. இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளியேறிய கதை இல்லை. அடிமையென்றும் சுயாதீனன் என்றும் கிறிஸ்துவுக்குள் வித்தியாசம் கிடையாது என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய இடம் இல்லை. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டும் எஜமானுக்கு விசுவாசமாய் உழைத்து மேலே வந்த கதை இருந்தது. வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் பகுதியும் பத்திரமாக இருந்தது.

வெட்டினவர்களைத் திட்டுவது சுலபம். அந்தக் கத்தரிக்கோல் சொல்லுகிற சேதியையும் பார்க்க வேண்டும். அடிமை முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டால் என்ன நடக்கும் என்று எஜமானுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கம் ஆபத்தானது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்து எடுத்தவன் அந்தப் புத்தகத்தின் நல்ல வாசகன்தான். புரியாமல் யாரும் இவ்வளவு சரியாக வெட்ட முடியாது.

இந்த வெட்டு வேலை புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. எரேமியா 36ஆம் அதிகாரம் படித்துப் பாருங்கள். குளிர்காலம். ராஜா யோயாக்கீம் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். தீர்க்கதரிசியின் சுருளை ஒருத்தன் வாசிக்கிறான். மூணு நாலு பத்தி வாசித்ததும் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார்கள். கடைசியில் முழுச் சுருளும் சாம்பல். அப்புறம் எரேமியா சொல்லச் சொல்ல, பாரூக் மறுபடியும் எழுதுகிறான். முன்னே இருந்ததைவிட அதிகமாகவே எழுதுகிறான். வேதத்துக்கு உண்மையாய் இருப்பது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் பாரூக்கைக் காட்டுவேன். வெட்டினதைத் திரும்ப எழுதுகிறவன் அவன்.

நம்ம ஊரில் யாரும் பைபிளைக் கத்தரிக்கோலால் வெட்டவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். தேவையே இல்லை. புத்தகத்தை முழுசாகத் தோல் அட்டை போட்டு வைத்துக்கொண்டே வெட்டலாம். வருஷப் பிறப்பு ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறார்கள் இல்லையா? அதில் எரேமியா 29லிருந்து ஒரு வசனம் பலருக்கும் வரும். உங்களுக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்கிற கருத்தில் வருகிற வசனம். அது பாபிலோனில் சிறையிருந்த ஜனங்களுக்கு எழுதின கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்று சொல்கிறது. அந்த வசனத்தை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. யாக்கோபு 2ஆம் அதிகாரமும் அட்டையில் வராது. தங்க மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனம், கந்தல் உடுத்தினவனுக்குக் காலடி என்று ஜெப ஆலயத்தில் பாகுபாடு பண்ணுவது பாவம் என்று அது நேரடியாய்ச் சொல்கிறது. நம் கோயில்களின் பெஞ்சு வரிசையைப் பார்த்துவிட்டு எழுதின மாதிரி இருக்கும்.

வெட்டுவதில் இன்னொரு வகை இருக்கிறது. வசனத்தை முழுசாக வாசித்துவிட்டு அர்த்தத்தை வெட்டுவது. இதுதான் ரொம்ப மோசம்.

1 கொரிந்தியர் 11 திருவிருந்து ஞாயிறுகளில் தவறாமல் வாசிக்கப்படுகிற பகுதி. அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்ற பயமுறுத்தல் அதில் வருகிறது. என் அத்தை ஒருத்தி இருந்தாள். களை பறிக்கப் போகிறவள். தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்ட வாரமெல்லாம் திருவிருந்துக்கு எழுந்து போகமாட்டாள். "நான் அபாத்திரம்டா, எனக்கு வேணாம்" என்பாள். போகிற அன்றைக்கும் அவள் போவது கடைசியில்தான். முன் பெஞ்சுக்காரர்கள் எடுத்து முடித்த பிறகுதான் எங்கள் பக்கம் எழுந்திருக்க வேண்டும். அது எழுதாத சட்டம். முன்னால் போகிறவர்களில் அவள் கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டவரும் உண்டு. அவருக்குத் தான் அபாத்திரமோ என்ற சந்தேகம் ஒரு நாளும் வந்ததாகத் தெரியவில்லை.

அந்த அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து வாசித்தால் பவுலுக்கு யார்மேல் கோபம் என்று தெரியும். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து, கொண்டுவந்ததைத் தின்று குடித்து வெறித்துவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வரும்போது ஒன்றும் இல்லை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். இப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார். கடைசியில் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்லி முடிக்கிறார். அங்கே அபாத்திரம் என்பது ஏழையை அவமானப்படுத்திவிட்டு அப்பத்தைத் தொடுவது. குழாயடிச் சண்டையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவமானப்படுத்தினவனைப் பார்த்து எழுதின வசனத்தை அவமானப்பட்டவள் மேலேயே திருப்பி, அவள் வாயை வருஷக்கணக்கில் கட்டிப்போட்டார்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தினமும் ஜெபம் பண்ணுகிற நல்ல போதகர்கள்தான் அதைச் செய்தார்கள்.

ஆகவே உண்மை என்பது வரிகளைச் சரியாய் ஒப்பிப்பதில் இல்லை. இந்த வரி நம் ஊரில் யார்மேல் விழுகிறது என்று சொல்வதில்தான் இருக்கிறது. நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவை வாசித்தபோது யாரும் கோபப்படவில்லை. ஏழைகளுக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்று கேட்டதும் நல்ல பேச்சு என்று மெச்சினார்கள். அப்புறம் அவர் சாறிபாத் ஊர் விதவையையும் சீரிய தேசத்து நாகமானையும் இழுத்தார். ரெண்டு பேரும் வெளி ஜாதியார். கடவுள் உங்கள் ஊரைத் தாண்டி அவர்களிடம் போனார் என்றார். அவ்வளவுதான், மலை உச்சியிலிருந்து தள்ளிவிட இழுத்துக்கொண்டு போனார்கள். வாசிப்புக்கு ஆமென் கிடைக்கும். விளக்கத்துக்குத்தான் அடி கிடைக்கும். ஒரு போதகருக்கு ஊழியம் முழுக்க ஆமென் மட்டுமே கிடைத்திருக்கிறது என்றால், அவர் வாசித்ததோடு நிறுத்திக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதற்கு மூணு பதில்கள் எப்போதும் வரும். மூணையும் நேர்மையாய்ப் பார்க்க வேண்டும்.

முதல் பதில்: "என் வேலை சுவிசேஷம் சொல்வது. சாதி சமுதாய வழக்கம். ரெண்டையும் குழப்பக் கூடாது." இது புதுசு இல்லை. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாட்டை உடனே, அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850ல் சென்னை மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கறாராய் நின்றது. லெய்ப்சிக் லுத்தரன் மிஷனின் தலைவராயிருந்த கார்ல் கிரௌல், சாதி சமுதாய வழக்கம், பொறுத்துப் போகலாம் என்றார். பொறுத்துப் போகிற இடத்துக்குச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் நகர்ந்தார்கள். கத்தோலிக்கப் பக்கமும் இதே கதைதான். வடக்கன்குளத்தில் 1872ல் கட்டின கோயில் பீடத்தில் வந்து சேருகிற ரெண்டு கால்களாக இருந்தது. ஒரு பக்கம் பிள்ளை, முதலியார். மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர் வந்தது. 1910ல் தடுப்பை இடித்தபோது தனி இட உரிமை கேட்டு வழக்குப் போட்டு உயர்நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள்.

'சமுதாய வழக்கம்' என்று சொன்னவர்களுக்கு வேதமே பதில் வைத்திருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்ததும் பயந்து தனியே ஒதுங்கிக்கொண்டார். அதுவும் ஒரு சாப்பாட்டு வழக்கம்தான். பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்தோடு சேர்த்துப் பார்த்தார். எல்லார் முன்னாலும் பேதுருவை எதிர்த்துக் கேட்டார். கலாத்தியர் 2ஆம் அதிகாரம். யாரோடு சாப்பிடுகிறாய் என்பது சுவிசேஷத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று பவுலை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது.

ரெண்டாவது பதில்: "பேசினால் சபை உடைந்துவிடும். ஒற்றுமையும் வேதம் சொன்னதுதானே?" இது கொஞ்சம் கனமான பதில். 2008 மார்ச்சில் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு ரெண்டு உயிர் போனது. இதைப் பார்த்தவர்கள் பயப்படுவதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனால் தென்னாப்பிரிக்காவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1857ல் அங்கே டச்சு சீர்திருத்தச் சபையின் பேரவை கூடியது. எல்லாரும் ஒரே பந்தியில் கலந்துகொள்வதுதான் வேதத்தின்படி சரி என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, கறுப்பர்களுக்குத் தனியாக நடத்திக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணினார்கள். ஒற்றுமைக்காகச் செய்த ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு. 1881ல் அது தனிச் சபையே ஆகிவிட்டது. அப்புறம் அதே பிரிவினை தேசத்தின் சட்டம் ஆனபோது அதற்கு வேத விளக்கமும் கிடைத்தது. அந்தத் தனிச் சபைதான் 1982ல் பெல்ஹார் அறிக்கையை எழுதி 1986ல் ஏற்றுக்கொண்டது. பிரிக்கிற போதனை வேதத்துக்கு விரோதம் என்று எழுந்து சொன்னது. ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்துதான் வேதத்துக்கு உண்மையான குரல் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பலவீனத்தை முன்னிட்டு என்கிறார்களே, யாருடைய பலவீனம்? பக்கத்தில் ஒரு பறையன் உட்கார்ந்தால் தாங்க முடியாதவனின் பலவீனம். காலம் பூரா தரையில் உட்கார்ந்தவளின் முதுகுவலி அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சபை உடையும் என்று பயப்படுகிறவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவில் சாதிச் சுவர் எழும்பியதே, எந்தப் பிரசங்கம் அந்தச் சபையை உடைத்தது? பிணத்துக்கும் பிணத்துக்கும் நடுவில் சுவர் வைத்த இடத்தில் சபை ஏற்கெனவே உடைந்துதான் கிடக்கிறது. போதகர் பேசினால் உடைசல் வெளியே தெரியும். அவ்வளவே.

மூணாவது பதில் நம் ஆட்களிடமிருந்து வருகிறது. "எதுக்கு அந்தப் புத்தகத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க? அடிமை எஜமானுக்கு அடங்கணும்னு எழுதியிருக்கிறதும் அதே புத்தகம்தானே?" மதம் மாறியவனின் சாதியைக் கிறிஸ்தவம் கரைத்ததா என்று கேட்ட அம்பேத்கர் 1956ல் பௌத்தத்துக்குப் போனார். 1950ன் குடியரசுத் தலைவர் ஆணையில் சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. அரசாங்கத்துக்கு நாம் கிறிஸ்தவர், சபைக்கு நாம் பறையர், பள்ளர், சக்கிலியர். ரெண்டு பக்கமும் நஷ்டம். இந்தக் கேள்வியை ஜெபம் பண்ணி அடைத்துவிட முடியாது.

ஹோவர்ட் தர்மன் என்ற அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர், 1949ல் வந்த தன் புத்தகத்தில் பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார். அடிமையாகப் பிறந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் பைபிள் வாசித்துக் காட்ட வேண்டும். பவுலின் கடிதங்களை மட்டும் வாசிக்க விடமாட்டாள். எப்போதாவது 1 கொரிந்தியர் 13, அன்பைப் பற்றியது, அது மட்டும் சம்மதம். காரணம், எஜமானின் வெள்ளைக்காரப் போதகர் அடிமைகளுக்குப் பிரசங்கம் பண்ண வந்தபோதெல்லாம் எடுத்தது பவுலின் அடங்கு வசனத்தைத்தான். விடுதலையானால் அந்தப் பக்கத்தை வாசிக்கவே மாட்டேன் என்று அவள் தனக்குத்தானே சத்தியம் பண்ணியிருந்தாள்.

அப்படியானால் அவளும் வெட்டினாளா? லண்டன்காரன் வெட்டினதும் இவள் ஒதுக்கினதும் ஒன்றா? இந்தக் கேள்வியில் ரொம்ப நாள் நின்றிருக்கிறேன். ஒன்று இல்லை என்பதுதான் என் முடிவு. அவன் மற்றவன் படிக்கக் கூடாது என்று மறைத்து வெட்டினான். இவள் தன்மேல் விழுந்த சவுக்கை அடையாளம் காட்டி, ஏன் என்று காரணமும் சொல்லி ஒதுக்கினாள். மறைப்பது வேறு, மறுத்துப் பேசுவது வேறு. யோபு கடவுளோடேயே வழக்காடினான். மோசே வழக்காடினான். புத்தகம் அவர்களை வெளியே தள்ளவில்லை. ஆகவே போதகரே, அந்த அடங்கு வசனங்களையும் தாண்டிப் போகாதீர்கள். சத்தமாய் வாசியுங்கள். இதை வைத்து யார் யாரை அடித்தார்கள் என்ற சரித்திரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிலேமோனுக்கு எழுதின கடிதத்தில், ஒநேசிமுவை அடிமையாக இல்லாமல் சகோதரனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் அதே பவுல்தான் என்று பக்கத்தில் வையுங்கள். புத்தகத்தை வாதாடவிடுங்கள். புத்தகத்துக்கு முகஸ்துதி பண்ணுவதை உண்மை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த வழியில் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1980களில் ஏ.பி. நிர்மல் தலித் இறையியலுக்கு வழி திறந்தார். உபாகமம் 26ல் இஸ்ரவேலன் தன் தகப்பன் ஒரு நாடோடி என்று அறிக்கையிடுவதை எடுத்து, தலித்தும் தன் பூர்வீகத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த, பரட்டை என்று நாம் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு, திருவிருந்தை 'ஒரு ஒலை' என்று விளக்கினார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சாப்பிடுவது. 2005ல் அவர் போய்விட்டார். அவர் சொன்ன விளக்கம் என் அத்தைக்கு நேரத்தோடு கிடைத்திருந்தால் எத்தனை திருவிருந்து அவளுக்கு மிச்சமாகியிருக்கும்!

இப்போது விலையைப் பற்றி. ஆமோஸ் 7ஆம் அதிகாரத்தில் பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா, ஆமோஸைப் பார்த்து யூதா தேசத்துக்கு ஓடிப்போய் அங்கே அப்பம் தின்னு, இங்கே பேசாதே, இது ராஜாவின் கோயில் என்கிறான். ரெண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தின டிரான்ஸ்பர் ஆர்டர். இன்றைக்கும் போதகருக்குச் சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூட சீட்டு, அடுத்த சேகரம் எல்லாம் கமிட்டியின் கையில். கமிட்டி யார் கையில் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் பக்கம் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுகிற பழக்கம் இருக்கிறது. நம் ஆளே பட்டம் வாங்கிப் போய் ஐயர் ஆனதும் வாய் அடைத்துப்போவதைப் பார்க்கிறோம். "நம்மாளு ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரே" என்று குமுறுகிறோம். சரி, பேசினவருக்கு டிரான்ஸ்பர் வந்த ராத்திரி நாம் என்ன செய்தோம்? சாமான் ஏற்றின லாரிக்குப் பின்னால் நின்று அழுதோம். பிஷப் பங்களா வாசலுக்கு எத்தனை பேர் போனோம்? கமிட்டித் தேர்தலில் எத்தனை பேர் நின்றோம்? தைரியத்தைப் போதகரிடம் மட்டும் கேட்டு, ஆபத்தையும் அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது.

போதகர்களுக்கு ஒரு நடைமுறை யோசனையும் உண்டு. ஒரு புத்தகத்தை எடுத்து முதல் அதிகாரத்திலிருந்து கடைசி வரை வாரம் வாரம் வரிசையாய்ப் பிரசங்கம் பண்ணுங்கள். கால்வினை 1538ல் ஜெனீவாவிலிருந்து துரத்தினார்கள். 1541ல் திரும்பக் கூப்பிட்டபோது அவர் பீடத்தில் ஏறி, யாரையும் திட்டாமல், விட்ட இடத்துக்கு அடுத்த பகுதியிலிருந்து ஆரம்பித்தார். வரிசையாய்ப் போனால் யாக்கோபு 2 தன் முறைக்குத் தானே வரும். நெகேமியா 5 வரும். வட்டிக்குக் கொடுத்துச் சொந்தச் சகோதரனின் நிலத்தைப் பிடுங்கினவர்களை நெகேமியா கூட்டத்தில் நிறுத்திக் கேட்கிற அதிகாரம் அது. எங்களைக் குத்திப் பேசினார் என்று அப்போது யாரும் சொல்ல முடியாது. பக்கத்தைப் புரட்டினோம், அங்கே நீங்கள் இருந்தீர்கள் என்று சொல்லிவிடலாம்.

தனியாகவும் போகாதீர்கள். ரெண்டு மூணு சேகரத்துப் போதகர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் ஒரே பகுதியை எடுங்கள். ஒருத்தரை மாற்றலாம், மூணு பேரையும் ஒரே நாளில் மாற்றுவது கஷ்டம். பிரசங்கத்துக்கு முந்தின ராத்திரி சேரியில் வந்து உட்காருங்கள். இந்த வசனம் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று எங்கள் பெண்களிடம் கேளுங்கள். வியாக்கியானப் புத்தகத்தில் இல்லாத விளக்கம் அங்கே கிடைக்கும். கல்லறையில் எந்தப் பக்கம் குழி வெட்டுகிறார்கள் என்று அடக்க ஆராதனைக்கு முன்னாலேயே விசாரித்து வையுங்கள்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு 1 கொரிந்தியர் 11ஐ 17ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள். முன் பெஞ்சைப் பார்த்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும், இன்றைக்குக் கடைசி வரிசை முதலில் எழுந்து வரட்டும் என்று சொல்லுங்கள். நாங்கள் எழுந்து வருகிறோம். அதற்கப்புறம் நடக்கப்போவது எதுவானாலும் அது உங்கள் பிரச்சினை மட்டும் இல்லை.